யாரும் துரத்தாத பயணம்

அன்பு மகள் ஜெனிக்கு,

கோயில் மணிக்கூண்டு சாட்சியாக, வாடைக்காற்றுக்குப் பயந்து கரையில் இழுத்து ஏற்றிவைத்திருக்கும் அத்தனை வள்ளங்களும் சாட்சியாக, உன் சித்தப்பாவாகிய நான் இன்று பேசாலையில் இருந்து ஒரு சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் கதையை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். நீ நம்பமாட்டாய். உன் புருஷன் சுதன் நம்பமாட்டான். அவன் முருங்கன் பக்கத்து வயல்காரன், அளந்து பார்த்த பிறகுதான் நெல்லை நெல் என்றே ஒத்துக்கொள்வான். உன் அம்மாவிடம் கேட்டால், "உந்த மனிசன்ர கதையைக் கேட்டு நீயும் விசராகாத பிள்ளை" என்பாள். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் நானே நம்புவேனோ தெரியாது. ஆனாலும் எழுதுகிறேன். இன்று காலை கொழும்பு பஸ்ஸில் ஏறிப்போன உன் அம்மா, இங்கே நடந்த எதையும் உனக்குச் சொல்லமாட்டாள். "ஓம், வந்து சேந்திட்டன்" என்று சொல்லிவிட்டு நேரே உன் குசினிக்குள் போய்ப் பானையைத் தேடுவாள். ஆஸ்பத்திரி வேலையோடு கொழும்பில் இருந்த உனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மா போனில் "நானும் வாறன்" என்றது மட்டும்தான். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் இந்த ஊர் பட்ட பாட்டை நான்தான் எழுதவேண்டும். சித்தி இந்தத் தாள்களைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். மலை ஏற முன்னர் வாசித்துவிடு. மேலே போனால் குளிரில் எழுத்துகள் உறைந்துவிடும் என்று கேள்வி.

உன் கலியாணத்துக்குக் கட்டிய தோரணம் இன்னும் சரியாகக் காயவில்லை. உன் அப்பா நடந்திருக்க வேண்டிய இடத்தில் நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடந்து, உன்னைவிட அதிகமாக அழுது, சாமியார் பூசையை நிறுத்தி எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாரே, அந்த அதிர்ச்சியில் இருந்தே நான் எழும்பவில்லை. அதற்குள் உன் போன் வந்தது.

"சித்தப்பா, நானும் சுதனும் இமயமலைக்குப் போகப்போறம். டெல்லியில இறங்கி, சண்டிகர், சிம்லா, குல்லு, மணாலி எண்டு காரிலயே ஒவ்வொரு மலைப் பட்டினமாப் பாத்துக்கொண்டு போறது."

"இந்தக் குளிருக்கையோ?"

"குளிருக்கைதான் ஸ்னோ கொட்டும். தவக்காலம் துவங்க முதல் போட்டு வந்திடவேணும். இல்லாட்டி அம்மா விடமாட்டா."

"அம்மா எப்பிடியும் விடமாட்டா, மகள்."

"அதுக்குத்தான் உங்களுக்கு போன் எடுத்தனான். நீங்கள்தான் சொல்லவேணும். முகத்தைத் தூக்கிவைச்சுக்கொண்டு 'போங்கோ' எண்டு சொன்னாக் கணக்கில்ல. அவ மனசார ஓம் எண்டு சொல்லவேணும். இல்லாட்டி எல்லாத்தையும் விட்டிடுவன். சத்தியமா."

நான் இருந்த கதிரையில் இருந்து விழுந்தேன். கதிரையும் விழுந்தது. பக்கத்தில் நின்ற சித்தியும் விழுந்தாள். அவளுக்கு விஷயமே தெரியாது, ஒரு ஒற்றுமைக்காக விழுந்தாள்.

நீ இதைப் பகிடி என்று நினைக்காதே. எங்கள் வம்சத்தில் ஒருவரும் இதுவரை பயணம் என்று ஒன்று போனதில்லை. நாங்கள் ஓடியிருக்கிறோம். ஓடுவதில் எங்களுக்கு நிகர் இந்த மன்னார்த் தீவிலேயே இல்லை. மடு மாதா கோயிலுக்கு ஓடினோம், மடுவில் இருந்து காட்டுக்குள் ஓடினோம், திரும்பி வந்து மூச்சு விடுவதற்குள் கடலுக்குள் ஓடினோம். இந்தியாவுக்கும் போயிருக்கிறோம்தான். ஆனால் அந்தப் போக்கில் ரிக்கற் இல்லை, வள்ளம் இருந்தது. விசா இல்லை, செபமாலை இருந்தது. சன்னல் ஓர இருக்கை கேட்க முடியாது. வள்ளத்துக்கு முழுக்கச் சன்னல்தான். நீ மண்டபம் அகதி முகாமில் பிறந்தாய். நீ நடக்கத் தொடங்கிய வருஷம் உன் அப்பா, என் அண்ணன், அங்கேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அந்த மண்ணிலேயே கிடக்கிறார். அந்த இந்தியாவுக்கு, ஒருவரும் துரத்தாமல், காசு கொடுத்து, திரும்பி வருகிற ரிக்கற்றோடு, குளிர் வாங்குவதற்கென்று போகப்போகிறேன் என்கிறாய். நான் கதிரையில் இருந்து விழாமல் வேறென்ன செய்வேன்?

உன் அம்மாவின் சபதம் உனக்குத் தெரியும். சண்டை முடிந்து ஊருக்கு விட்டபோது எங்கள் வளவில் புல் கூரை உயரத்துக்கு நின்றது, கூரை நிற்கவில்லை. தரப்பாளைக் கட்டி இறங்கிய அன்றைக்கே, அதுவரை சுமந்து திரிந்த உரப்பைகள் அத்தனையையும் அவள் அடுப்புக்குள் போட்டு எரித்து, அந்த நெருப்பில் எங்களுக்குத் தேத்தண்ணி வைத்தாள். அந்தத் தேத்தண்ணியைக் குடித்ததால்தான் எனக்கு இந்த வயதிலும் தலைமயிர் செழிப்பாக வளர்கிறது, அவ்வளவு உரம். குடித்து முடித்ததும் வேலிப் படலையைக் காட்டிச் சொன்னாள்: "இனி ஒரு பையோட நான் உந்தப் படலையைத் தாண்டமாட்டன். என்னைத் தூக்கிக்கொண்டுதான் போகவேணும்." அன்றிலிருந்து அவள் சொன்ன சொல்லில்தான் நின்றாள். மன்னார் ரவுணுக்குச் சாமான் வாங்கப் போனால்கூடச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவாள். வீட்டுத்திட்டத்து வீடு கட்டி, அலுமாரி வந்து, கட்டில் வந்து, எல்லாம் வந்த பிறகும் அந்த வீட்டில் ஒரு பை கிடையாது. அந்த மனுஷியிடம் போய் நான் இமயமலை என்று சொல்லவேண்டும்.

சொன்னேன். மகா அலெக்சாந்தர் படைக்குச் சொல்வதுபோல ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு சொன்னேன். அவள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். முழுவதையும் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அவளை ஆர் துரத்தினது?"

"ஒருத்தரும் துரத்தேல்ல மச்சாள். தானாப் போறா."

"துரத்தாமல் ஏன் போறா?"

வாய் திறந்தால் மூடாத உன் சித்தப்பா வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் கூட்டத் தொடங்கினாள். அன்று முழுக்கக் கூட்டினாள், மறுநாளும் கூட்டினாள், எங்கள் முற்றத்து மணல் அப்படியே நகர்ந்து தலைமன்னார் வீதியை மறித்துப் பஸ்கள் வங்காலைப் பக்கமாய்ச் சுற்றிப்போகும் அளவுக்குக் கூட்டினாள்.

நான் தோற்கிற ஆள் இல்லை. கரையில் வலை வைக்கிற என் வாடியில் உடனே ஒரு மாநாட்டைக் கூட்டினேன். இமயமலைப் பயணத்துக்கான பேசாலைப் பேரவை என்று பெயர் வைத்தேன். தலைவர் நான். செயலாளரும் நான். பொருளாளர் பதவிக்குச் சித்தி என்னோடு போட்டியிட்டு அமோக வெற்றி பெற்றாள். அறுவடைக்காக முருங்கனுக்கு வந்திருந்த சுதனை அழைத்து, பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய பெரிய வரைபடத்தை விரித்தேன். உனக்குத் தெரியும், எங்கள் தீவு எவ்வளவு தட்டை என்று. பேசாலையில் ஒரு பனங்காயை உருட்டிவிட்டால், எந்தப் பக்கம் உருளுவது என்று தெரியாமல் அது நின்ற இடத்திலேயே அழும். எங்களுடைய மிக உயர்ந்த சிகரம் கோயில் மணிக்கூண்டு. இரண்டாவது சிகரம் சந்தியில் போட்டிருக்கும் வேகத்தடை. அப்படிப்பட்ட நாட்டில் பிறந்த நான், கடலில் தூரம் பார்க்கிற மாதிரியே வலை நூலின் ஒரு நுனியைச் சிம்லாவில் வைத்து, மறு நுனியை மணாலிக்கு நேராக இழுத்தேன். தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடிக்கு வளைவு எங்கே இருக்கிறது? நேரே போனால் நேரே வரும்.

"இவ்வளவுதானே," என்றேன். "இஞ்ச இருந்து வவுனியாவுக்குப் போற தூரம். காலமைத் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வெளிக்கிட்டா மத்தியானச் சோத்துக்கு மணாலி."

சுதன் நூலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மரியாதையான பிள்ளை, சிரிப்பை விழுங்கினான். "மாமா, உந்த நூல் போற வழியில பாதை இல்லை. மலைதான் நிக்குது. மேல ஒரு வழி இருக்கு, அதையும் பனிக்காலத்தில பூட்டிப்போடுவினம். நாங்கள் கீழ இறங்கி மண்டிப் பக்கமாச் சுத்தித்தான் போகவேணும்." சொல்லிவிட்டு அந்த நூலை எடுத்து, வரைபடத்தில் பாதை வளைந்த இடமெல்லாம் வளைத்து வளைத்து வைத்தான். பாதி வழியிலேயே நூல் முடிந்தது. இன்னொரு நூல் கொடுத்தேன், முடிந்தது. உருண்டையோடு கொடுத்தேன். பக்கத்து வாடிகளில் கடன் வாங்கினேன். பேசாலையில் இருந்த வலை நூலெல்லாம் முடிந்து, புது வலை ஒன்றைப் பிரித்துத்தான் கடைசி வளைவை முடித்தோம். இப்படியும் ஒரு பாதை போடுவார்களா என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தபோது வாடி வாசலில் ஒரு குரல்.

"பாதை இப்பிடி வளைஞ்சு வளைஞ்சு போனா முன்னால என்ன வருகுதெண்டு தெரியாதே." உன் அம்மா. கையில் விளக்குமாறு.

"தெரியாது மாமி," என்றான் சுதன்.

"ஓடுறவைக்கு உந்தப் பாதை சரிவராது."

"நாங்கள் ஓடப்போறேல்லத்தானே மாமி. வளைவுக்கு வளைவு நிப்பாட்டி, தேத்தண்ணி குடிச்சுக் குடிச்சுப் போகப்போறம். அதோட சிம்லாவுக்கு மேல கார் நான் ஓடமாட்டன். அந்த ஊர் டிறைவர் ஒராளைச் சொல்லி வைச்சிருக்கு."

கண்ணிவெடி எடுத்து முடிந்த கையோடு தன் வயலுக்குள் முதன்முதலாக உழவு மெசினை இறக்கிய பிள்ளை, தனக்குப் பனிப்பாதையில் கார் ஓட்டத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்கிறான். மகள், உன் புருஷனில் நான் கண்ட முதலாவது பெரிய குணம் அது. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆம்பிளை எங்கள் குடும்பத்துக்குள் இப்போதுதான் வந்திருக்கிறான்; அவனை என்னைப்போல மாற்றிவிடாதே. உன் அம்மா விளக்குமாற்றோடு திரும்பிப் போனாள். ஆனால் அன்று பின்னேரம் அவள் முற்றம் கூட்டவில்லை. நான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கவனித்தேன்.

பேரவையின் அடுத்த தீர்மானம் குளிருக்கு ஒத்திகை. குளிர் ஆளைக் கொல்லாது என்று அவள் கண்ணால் கண்டால் உன்னை விடுவாள் என்பது என் கணக்கு. இந்தத் தீவில் குளிர் எங்கே கிடைக்கும்? மீனுக்கு ஐஸ் போடுகிற இடத்தில்தான். வாடைக்காலம், கடல் மூசுகிறது, மீன்பாடு இல்லை, ஐஸ் அறை பாதி வெறுமை. காவலாளி என் சிநேகிதன். நானும் சித்தியும் தயாராகினோம். நான் சாரத்துக்கு மேல் சாரம், அதற்கு மேல் கடலுக்குப் போகிற மழைக்கோட்டு, தலையில் துவாய், அதற்கு மேல் மோட்டார் சைக்கிள் தொப்பி. சித்தி தன் கலியாணச் சீலை முதல் உன் கலியாணத்துக்கு எடுத்த சீலை வரை அத்தனையையும் ஒன்றாகச் சுற்றியிருந்தாள். அறைக்கதவால் நுழைய முடியாமல் பக்கவாட்டில் திருப்பித்தான் உள்ளே தள்ளினோம். உன் அம்மா என்றால் வழமையாக உடுக்கும் நூல் சீலையோடு வந்தாள். "என்னெண்டாலும் பாப்பம்" என்று மட்டும் சொன்னாள்.

கதவைச் சாத்தினார்கள். மகள், அந்தக் குளிரைப் பற்றி நான் என்ன சொல்ல? என் மூச்சு வெளியே வந்து கட்டியாக உறைந்து காலில் விழுந்தது. சித்தி ஏதோ சொன்னாள், சொல் உறைந்து நடுவழியில் நின்றுவிட்டது. வெளியே வெயிலுக்கு வந்த பிறகுதான் உருகி எனக்குக் கேட்டது, அதுவும் ஏச்சு. நாங்கள் இருவரும் கதவை உடைக்காத குறையாக வெளியே பாய்ந்தோம். திரும்பிப் பார்த்தால் உன் அம்மா வரவில்லை. உள்ளே, அடுக்கி வைத்திருந்த ஐஸ் கட்டிகளுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த மீன்பெட்டி ஒன்றில் இருந்துகொண்டு, உள்ளங்கையை ஐஸில் வைத்து எடுத்து, வைத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், வாங்கோ வெளியில! செத்துப்போவியள்!"

"ஸ்னோவும் இப்பிடி மீன் மணக்குமோ தம்பி?"

"அது வானத்தில இருந்து விழுறது. மீன் மணக்காது."

"அப்ப என்ன மணக்கும்?"

"தெரியாது மச்சாள்."

"உனக்குத் தெரியாததும் உலகத்தில இருக்கே?" என்று கேட்டாள். பிறகு ஆறுதலாக எழும்பி, சீலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் நின்று வெயிலைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். "அவள் போறதெண்டாப் போகட்டும். நானும் வாறன்."

காவலாளியின் கையில் இருந்த அறைத் திறப்புக்கோர்வை கீழே விழுந்தது. சித்தி சுற்றியிருந்த சீலைகள் தாமாகவே அவிழ்ந்தன. நான் என்றால், கேட்டது சரிதானா என்று மோட்டார் சைக்கிள் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் கேட்டேன். "ஓமடா, வாறன் எண்டு சொன்னனான். காது அடைச்சுப்போச்சோ?" உன்னைப் போக விடச்சொல்லிக் கேட்கப்போன எனக்கு, புதுத் தம்பதியின் காருக்குள் மாமியாரையும் ஏற்றிவிடுகிற வேலை வந்து சேர்ந்தது. எனக்குள் இருந்த பெரிய மனிதன் உடனே எழும்பினான். "நல்லது மச்சாள்," என்றேன். "அப்ப போற வழியில மண்டபத்துக்கும் போகலாம். அண்ணன்ர கல்லறையில ஒரு மெழுகுதிரி…" முடிக்கவில்லை, அவள் கையை உயர்த்தினாள்.

"இல்லைத் தம்பி. அங்க போனா அழவேணும். அழுறதுக்கெண்டு இந்தியாவுக்குப் போனது காணும். கார்த்திகையில அவருக்கு இஞ்ச பூசை குடுக்கிறன்தானே, அது அவருக்குப் போய்ச்சேரும். இந்தமுறை நான் பாக்கப் போறன்."

ஐஸ் அறை வாசலில், உச்சி வெயிலில், எனக்குக் குளிர்ந்தது. உன் அப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். அவர் குறைவாகப் பேசுகிற ஆள். "விடுடா, போகட்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். சுதனுக்கு விஷயத்தை நான் பயந்து பயந்துதான் சொன்னேன். அவன், "மாமிக்கு முன் சீற்றைக் குடுப்பம். அங்க இருந்தாத்தான் மலை வடிவாத் தெரியும்" என்றான். அது அவனில் நான் கண்ட இரண்டாவது குணம். மூன்றாவதை நீ கண்டுபிடி. எல்லாவற்றையும் நானே செய்ய முடியாது.

அம்மாவோடு போகிறாய் என்பதால் சில புத்திமதிகள். ஒவ்வொரு ஊரில் கார் நிற்கும்போதும் அவள் தலைகளை எண்ணுவாள். நீங்கள் மூன்று பேரும் டிறைவரும்தானே, எண்ண என்ன இருக்கிறது என்று கேட்காதே. கூட்டத்தோடு நடந்த வழிகளில் எண்ணிப் பழகியவள். சாப்பாட்டுக் கடையில் ரொட்டியில் பாதியைக் கட்டி மடிக்குள் வைப்பாள். நீ உன்னுடையதில் பாதியையும் கொடு. சீருடை போட்ட ஆரைக் கண்டாலும் அடையாள அட்டையை எடுத்து நீட்டுவாள், அவன் ஹோட்டல் வாசல் காவலாளியாக இருந்தாலும் சரி. சிரிக்காதே, அவசரமாகக் கையைப் பிடித்துக் கீழே இறக்கவும் வேண்டாம். நீயும் உன் அட்டையை எடுத்து நீட்டு. சுதனும் நீட்டட்டும். அந்தக் காவலாளி அதிர்ச்சியில் வாழ்நாள் முழுக்க உங்களை நினைத்துக்கொண்டிருக்கட்டும். காலையில் வெயில் ஏறிப் பாதையில் உறைந்த தண்ணீர் கரையும்வரை வெளிக்கிட வேண்டாம் என்று அந்த டிறைவர் சொல்வாராம். அவர் சொல்வதைக் கேள். அவசரப்பட உங்களுக்குப் பின்னால் ஒருவரும் வரவில்லை. இதை எனக்கே நான் பலமுறை சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஓம் என்று சொன்னதோடு முடிந்தது என்று நீ நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். கடவுச்சீட்டு எடுக்க அவள் உன்னிடம் கொழும்புக்கு வந்தது வெறுங்கையோடு. அது சபதத்துக்குள் அடங்கும். இது பெட்டியோடு போகிற பயணம். மன்னாரில் சில்லு வைத்த பெட்டி ஒன்று வாங்கி, ஊர்ச் சனம் பார்த்துப் பயந்துவிடக்கூடாது என்று சாக்கால் மூடி, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். வழியில் மன்னார்க் கழுதைகள் மறித்து, உள்ளே என்ன என்று விசாரணை செய்துதான் விட்டன. நேற்றுப் பின்னேரம் அடுக்குகிற நேரத்தில் எட்டிப் பார்த்தேன். பெட்டிக்குள் அரிசி. சின்னப் பானை. தரப்பாள் துண்டு. கயிறு. மண்ணெண்ணெய் விளக்கு. நெருப்புப்பெட்டி, மெழுகில் தோய்த்துத் துணியில் சுற்றியது. ஞானஸ்நானச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம். ஓட்டத்துக்கு அடுக்குகிற அதே அடுக்கு. ஒரு சாமானும் பிழைக்கவில்லை, கையே தானாக அடுக்கியிருக்கிறது. உன் கலியாணப் பட அல்பத்தையும் மேலே வைத்து, மூடி பூட்டுப்படாமல் அதன்மேல் ஏறி இருந்தாள்.

"மச்சாள், இது போட்டுத் திரும்பி வாற பயணம்."

"ஒவ்வொருமுறையும் அப்பிடித்தான் சொன்னவை. ரெண்டு நாளில திரும்பலாம், ஒண்டும் எடுக்கவேண்டாம் எண்டு."

"இந்தமுறை சொல்லுறது நான்."

"அதுதான் பயமாக் கிடக்கு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. இதுவும் ஓட்டம்தான் என்றால் சபதத்தை மீறி அவள் போகமாட்டாள் என்று அந்த நேரத்தில் எனக்குப் பட்டது. அவள் நின்றால் நீயும் போகமாட்டாய். நீ சத்தியம் பண்ணிவிட்டாய், அந்தப் பிடிவாதம் ஆருடையது என்று எனக்குத் தெரியும். உனக்கு போன் எடுத்துச் சொல்லிவிடலாமோ என்று இரண்டு தரம் கையில் எடுத்து வைத்தேன். சித்தி, "விடுங்கோ, அவவின்ர பெட்டி. அவ பாக்கட்டும்" என்றாள்.

இன்று காலைப் பூசை மணி அடித்த பிறகு பெட்டியைத் தூக்கப் போனேன். அரிசியும் பானையும் உள்ள பெட்டி அல்லவா, இமயமலையையே தூக்குகிறவன்போல மூச்சைப் பிடித்து, காலை அகட்டி வைத்து, ஒரே இழுப்பு. பெட்டி இறகுபோல மேலே வந்தது, நான் பின்பக்கமாகப் பறந்து கோழிக்கூட்டுக்குள் போய் விழுந்தேன். பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு மூன்று சீலை, நீ அனுப்பிய கம்பளிச் சட்டை, செபப்புத்தகம். அவ்வளவுதான். அரிசியும் பானையும் விளக்கும் குசினியில் தங்கள் தங்கள் இடத்தில் இருந்தன, பத்திரங்கள் அலுமாரிக்குள். "ஏன் தம்பி அங்க விழுந்து கிடக்கிறாய்?" என்றாள் உன் அம்மா, ஒன்றுமே நடக்காத மாதிரி. பெட்டியை மூடினாள். "தா, நான் கொண்டுவாறன்." கையில் எடுத்துக்கொண்டு படலையைத் தாண்டினாள். எங்கள் மணலில் சில்லு உருளாது, தூக்கிக்கொண்டே நடந்தாள்.

கெட்ட காலம், பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம். கோயிலுக்கு முன்னால்தான் பஸ் நிற்கும். நீ நினைத்துப் பார், இந்த ஊருக்கு உன் அம்மா யார்? ஒவ்வொரு தடவையும் ஊரில் முதலில் மூட்டை கட்டியது அவள். அவள் பையோடு வெளிக்கிட்டால் அடுத்த நாள் ஊர் வெளிக்கிடும். ஆமிக்காரரின் அறிவிப்பைவிட, வானொலிச் செய்தியைவிட, அவளுடைய பையைத்தான் இந்தச் சனம் நம்பியது. அந்த மெற்றில்டா இப்போது, இத்தனை வருஷத்துக்குப் பிறகு, கையில் ஒரு பெட்டியோடு கோயில் வாசலில் வந்து நிற்கிறாள்.

சனம் அப்படியே நின்றது. ஆரோ ஒருவருடைய கையில் இருந்த செபமாலை ஆடுகிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாம் ஒரேயடியாக நடந்தது. ஒருவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பெற்றோல் செட்டுக்குப் பறந்தான். பெண்கள் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்கள். கரையில் கவிழ்ந்து கிடந்த வள்ளங்கள் தாமாகவே நிமிர்ந்தன. நாய்கள் தங்கள் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வரிசையில் நின்றன. கொடியில் காய்ந்த கருவாடு தானே இறங்கிச் சாக்குக்குள் போனது. பக்கத்துத் தாராபுரம் வரை செய்தி போய் அங்கேயும் கடைகளைப் பூட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். நானே சித்தி எங்கே என்று திரும்பிப் பார்த்தேன். முன்வீட்டுப் பவுலினாக்கா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து உன் அம்மாவின் கையைப் பற்றினாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"மெற்றா, என்னடி? திரும்பத் துவங்கிட்டுதோ?"

உன் அம்மா பவுலினாக்காவைப் பார்த்தாள். சனத்தைப் பார்த்தாள். கையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. அந்த இடத்தில் அவள் திரும்பி வீட்டுக்குப் போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன், மகள்.

"ஒண்டுமில்லையக்கா," என்றாள். "சும்மா போறன்."

"சும்மாவோ?"

"ஓம். சும்மா. பனி பாக்க."

பவுலினாக்கா கையை விடவில்லை. அந்தச் சொல்லை அவள் வாய்க்குள் போட்டு மென்று பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு, "போட்டு வாடி. வந்து எங்களுக்கும் சொல்லு" என்றாள். பஸ் வந்தது. உன் அம்மா ஏறி, நடத்துநரிடம் சன்னல் ஓரம் கேட்டு வாங்கி இருந்தாள். எனக்குக் கை காட்டவில்லை; மற்றப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அவ்வளவுதான் மகள். நம்பமாட்டாய் என்று முதலிலேயே சொன்னேன். இந்தக் கடிதத்துக்காக நாய்களை நான்தான் வரிசையில் நிறுத்தினேன். வள்ளங்கள் இன்னும் கவிழ்ந்துதான் கிடக்கின்றன. வலை நூல் நிறைய மிச்சம் இருக்கிறது, தாராபுரத்தில் ஒரு கடையும் பூட்டவில்லை. சித்தியின் சீலைகளையும் நீ பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். மற்றதையெல்லாம் உன் விருப்பப்படி கழித்துக்கொள். ஆனால் அந்தச் "சும்மா போறன்" உண்மை. கோயில் வாசலில் அவ்வளவு சனத்துக்கு முன்னால் உன் அம்மா அதைச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றனான். அதில் ஒரு எழுத்தும் கூட்டவில்லை.

உன் சித்தப்பா